கடன் அறிக்கையில் நம் மாணவர் யார்?

(வட்டார வள மையத்தில், ஒன்று முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை கற்பிக்கும் ஆசிரியர்களுக்காக நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பள்ளியின் உயர்கல்வி வழிகாட்டி ஆசிரியர் என்ற முறையில் என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள். எந்தப் படிப்புக்கு எந்தக் கலந்தாய்வு, எப்போது விண்ணப்பிப்பது என்று சொல்லப்போகிறேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். அதற்கெல்லாம் கையேடுகள் வந்துவிட்டன. இடம் கிடைத்த பிறகு, கட்டணம் கட்டுவதற்காக வங்கி வாசலில் நிற்கும் பிள்ளையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். "கடனுக்கும் எங்களுக்கும் என்ன தொடர்பு?" என்று தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் நினைக்கலாம். அரை மணி நேரம் பொறுத்துக் கேளுங்கள். இதில் முதல் வரியை எழுதுவதே நீங்கள்தான்.

நம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளில், 7.5 சதவீத இட ஒதுக்கீட்டில் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் சேர்பவர்களுக்குக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. அவர்களுக்குக் கடன் தேவைப்படுவதில்லை. அந்த வரம்புக்குள் வராத பிள்ளைகள்தான் வங்கிக்குப் போகிறார்கள். தனியார் செவிலியர் கல்லூரியில் சேரும் பெண், வேறு மாநிலத்தில் இடம் கிடைத்த பையன் என்று ஆண்டுக்கு நாலைந்து பேராவது என் மேசைக்கு வருகிறார்கள். வங்கியில் அவர்களிடம் முதலில் காதில் விழும் சொல் 'சிபில்'.

சிபில் என்பது ஒரு நிறுவனத்தின் பெயர். 2000-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. இந்தியாவில் இப்படிப்பட்ட கடன் தகவல் நிறுவனங்கள் நான்கு இருக்கின்றன: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சி.ஆர்.ஐ.எஃப். ஹைமார்க். 2005-ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டப்படி, ரிசர்வ் வங்கியின் மேற்பார்வையில் இயங்குகின்றன. நாம் எந்த வங்கியில், எந்த நிதி நிறுவனத்தில் கடன் வாங்கினாலும், எவ்வளவு வாங்கினோம், மாதாமாதம் கட்டினோமா, எத்தனை நாள் தாமதம் என்ற விவரம் இவற்றுக்குப் போய்ச் சேரும். நமக்குப் புரியும்படி சொன்னால், அது ஒரு திரள் பதிவேடு. மாணவரின் திரள் பதிவேட்டை வகுப்பாசிரியர் எழுதுகிறார். கடனாளியின் திரள் பதிவேட்டைக் கடன் கொடுத்தவர்கள் எழுதுகிறார்கள். அதைச் சுருக்கி 300-இலிருந்து 900 வரை ஒரு மதிப்பெண் போடுகிறார்கள். அதைத்தான் ஊரில் 'சிபில் ஸ்கோர்' என்கிறோம்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைக்கு இந்தப் பதிவேட்டில் ஒரு பக்கம்கூட இருக்காது. பதினெட்டு வயது நிறையாதவர் செய்யும் கடன் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது என்பதால் அப்படி இருப்பதுதான் இயல்பு. வரலாறே இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதல்முறை கடன் கேட்பவரின் விண்ணப்பத்தைத் தள்ளிவிடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல். 2025 ஆகஸ்டில் ஒன்றிய நிதி அமைச்சகம் இதை நாடாளுமன்றத்திலும் எடுத்துச் சொன்னது. மாணவரின் சிபில் மதிப்பெண் குறைவு என்பதை வைத்துக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023-இல் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆகவே, "உனக்கு ஸ்கோர் இல்லை" என்று யாராவது சொல்லிப் பிள்ளை மனமுடைந்து வந்தால், இதைச் சொல்லித் திரும்ப அனுப்புங்கள். விண்ணப்பத்தை வித்யாலட்சுமி இணையதளம் வழியாகப் போடச் சொல்லுங்கள். பதிவு எண் இருந்தால் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்க முடியும்.

சிக்கல் பெரும்பாலும் பெற்றோர் பக்கத்திலிருந்து வருகிறது. கல்விக் கடனில் தாயோ தந்தையோ இணைக் கடனாளியாகக் கையெழுத்திட வேண்டும். அவர்களுடைய பதிவேடு திறக்கப்படும்.

சென்ற கல்வியாண்டில் ஒரு மாணவி. அப்பா இல்லை. அம்மா பின்னலாடை நிறுவனத்தில் வேலை. பி.எஸ்சி. செவிலியர் படிப்பில் இடம் கிடைத்துவிட்டது. வங்கியில் அம்மாவின் அறிக்கையைப் பார்த்துவிட்டு, குழுக் கடன் ஒன்று பல மாதங்களாக நிலுவையில் இருக்கிறது, அதை முடித்துவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அம்மா என்னிடம் வந்து, "சார், குழுவுல ஒரே ஒரு கடன்தான் எடுத்தேன். அதையும் கட்டி முடிச்சு ரசீது வாங்கி வச்சிருக்கேன். இவங்க சொல்ற ஊருக்கு நான் போனதே இல்ல சார்" என்றார். வங்கி மேலாளரைக் குறை சொல்ல முடியாது. அவர் முன்னால் இருந்த திரை அதைத்தான் காட்டியது.

பள்ளி விட்டதும் உட்கார்ந்து, அந்த அம்மாவின் இலவச அறிக்கையை எடுத்தோம். நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2017 முதல் நடைமுறையில் இருக்கும் விதி. காசு கேட்கும் தளங்களுக்கும் செயலிகளுக்கும் போக வேண்டியதில்லை. அறிக்கையில் எல்லோரும் முதலில் மதிப்பெண்ணைத்தான் பார்ப்பார்கள். நான் பார்க்கச் சொல்வது அடையாள விவரங்கள் உள்ள பகுதியை. பெயர், பிறந்த தேதி, பான் எண், வாக்காளர் அட்டை எண், முகவரிகள், தொலைபேசி எண்கள் எல்லாம் அங்கே இருக்கும். அந்த அம்மாவின் அறிக்கையில் இரண்டு வாக்காளர் அட்டை எண்கள் இருந்தன. ஒன்று அவருடையது. இன்னொன்று, வேறு மாவட்டத்தில் அதே பெயர், அதே முன்னெழுத்து, அதே பிறந்த தேதி கொண்ட இன்னொரு பெண்ணுடையது. இருவரின் கடனும் ஒரே பக்கத்தில் ஏறியிருந்தது.

அதே பிறந்த தேதி எப்படி வந்தது என்று கேட்கிறீர்களா? இருவருக்கும் ஜனவரி 1. பிறந்த ஆண்டு மட்டும் தெரிந்தவர்களுக்கு, ஏன், வயது மட்டும் தெரிந்தவர்களுக்கும் கணினியில் விழும் தேதி அது. நம் பெற்றோர் தலைமுறையில் ஜனவரி 1-இல் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். பள்ளிக்கூடம் போனவர்களுக்கு வேறு கதை. அந்தக் காலத்தில் ஐந்து வயது நிறைய வேண்டுமே என்று வாத்தியார் போட்ட மே மாதமும் ஜூன் மாதமும்தான் அவர்களுக்குப் பிறந்த மாதம். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நான்கு அண்ணன் தம்பிகளும் ஜூன் மாதத்தில்தான் பிறந்திருக்கிறார்கள்!

இனி பெயர். கடன் தகவல் நிறுவனத்தின் கணினி, ஒருவரை எண்ணைக் கொண்டும் அடையாளம் காண்கிறது. எண் இல்லாத இடத்தில் பெயர், பிறந்த தேதி, முகவரி, தொலைபேசி இவற்றைச் சேர்த்துப் பொருத்திப் பார்க்கிறது. பொருத்தம் தவறினால் இரண்டு விதமாகக் கெடும். இரண்டு பேர் ஒருவராகிவிடுவது ஒன்று. ஒரே ஆள் இரண்டாகப் பிரிந்துபோய், ஒழுங்காகக் கட்டிய கடன் அவர் பெயரில் வராமல் போவது இன்னொன்று. தமிழ்ப் பெயர்களுக்கு இரண்டுமே நடக்கும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, முன்னெழுத்துதான். எடுத்துக்காட்டுக்கு, குணசேகரன் மகள் தமிழரசி என்று வைத்துக்கொள்வோம். தமிழில் கு. தமிழரசி. ஆங்கிலத்தில் அந்தக் 'கு' ஒருவர் கையில் 'கே' ஆகும், இன்னொருவர் கையில் 'ஜி' ஆகும். 'த'வுக்கு 'டி' மட்டும் போடுவதா, கூடவே 'எச்' சேர்ப்பதா? 'ழ'வுக்கு 'இசட் எச்'சா, 'எல்'லா? முன்னெழுத்து பெயருக்கு முன்னாலா, பின்னாலா? ஆதாரில் ஒன்று, வங்கிப் புத்தகத்தில் ஒன்று, சாதிச் சான்றிதழில் ஒன்று. பான் அட்டை வாங்கப் போனால் வெறும் முன்னெழுத்து செல்லாது, விரித்து எழுத வேண்டும். அங்கே அவள் தமிழரசி குணசேகரன் ஆகிவிடுகிறாள். ஒரே பெண் கல்லூரி வாசலை மிதிக்கும்போது நான்கு பேராக நிற்கிறாள்.

முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று 2021 டிசம்பரில் அரசாணை வந்தது. நல்ல ஆணை, நானும் அப்படித்தான் கையெழுத்திடுகிறேன். அதோடு, ஆங்கிலத்தில் எந்த எழுத்து என்பதையும் பெற்றோரிடம் கேட்டு ஒரே மாதிரி பதிவுசெய்துவிட்டால் பிள்ளைகளுக்கு எவ்வளவோ உதவி.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கான பெயர்ப்பட்டியல் தயாரிக்கும் வாரத்தில் நாம் படும் பாடு உங்களுக்குத் தெரியும். எமிஸ் ஒரு பக்கம், உறுதிமொழிப் படிவம் ஒரு பக்கம். பெற்றோர் கையெழுத்து வாங்கினால் போதும் என்று தோன்றும். அந்தப் பட்டியலில் இருப்பதுதான் மதிப்பெண் சான்றிதழில் அச்சாகிறது. பான் அட்டைக்குப் பிறந்த தேதிச் சான்றாக அதைத்தான் கொடுக்கிறார்கள். பிறகு பெயரை மாற்ற அரசிதழ் வரை போக வேண்டும். ஆதார் இருக்கிறதே என்பார்கள். வயதைத் தீர்மானிக்க ஆதாரைவிடப் பள்ளி மாற்றுச் சான்றிதழில் உள்ள தேதியே ஏற்கத்தக்கது என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஓர் இழப்பீட்டு வழக்கில் தீர்ப்பளித்தது. நாம் எழுதித் தரும் தாளுக்கு அவ்வளவு எடை.

தொலைபேசி எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடன் அறிக்கையைப் பெற, நீங்கள் நீங்கள்தான் என்பதை நிரூபிக்க வேண்டும். பெயர், பிறந்த தேதி, பான் அல்லது வேறு அடையாள எண் கேட்பார்கள். கைபேசிக்கு ஓ.டி.பி. வரும். சில சமயம் உங்கள் பழைய கடன்களைப் பற்றிக் கேள்வி கேட்டும் சோதிப்பார்கள். இதில் நம் பிள்ளைகள் இடறுவது ஓ.டி.பி.யில். உதவித்தொகைக்கு விண்ணப்பித்தபோது பிரவுசிங் சென்டர்காரர் தன்னுடைய மின்னஞ்சலையே போட்டிருப்பார். அப்பாவின் பழைய எண் ரீசார்ஜ் செய்யாமல் போய், இப்போது வேறு யாரிடமோ இருக்கும். பெற்றோரிடம் கைபேசி இல்லை என்று இரக்கப்பட்டு ஆசிரியரே தன் எண்ணைக் கொடுத்திருப்பதும் உண்டு. அந்த நேரத்தில் அது உதவிதான். ஆனால் அந்த எண் வங்கிக் கணக்கிலும் ஏறிவிட்டால், ஐந்தாண்டு கழித்து வரும் ஓ.டி.பி.யும் எச்சரிக்கைச் செய்தியும் ஆசிரியருக்குத்தான் வரும். ஒருவருடைய அறிக்கையை யாராவது எடுத்துப் பார்த்தால் அவருக்குக் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. எண் சரியாக இருந்தால்தான் அது பயன்படும். புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களுக்காகக் கணக்கு தொடங்கும்போதே பிள்ளையின் சொந்த எண், சொந்த மின்னஞ்சல் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அந்த அம்மாவின் கதைக்கு வருகிறேன். கடன் தகவல் நிறுவனத்தின் இணையதளத்திலேயே முறையீடு பதிவுசெய்தோம். அந்த நிறுவனம் தானாக எதையும் அழிக்காது. கடன் கொடுத்தவரிடம் கேட்டு, அவர் ஒப்புக்கொண்டால் திருத்தும். ஆகவே நிதி நிறுவனத்துக்கும் ஒரு கடிதம் எழுதி, வாக்காளர் அட்டை, ஆதார், முகவரிச் சான்று எல்லாவற்றையும் இணைத்து, 'இந்தக் கடனுக்கான விண்ணப்பத்தில் உள்ள புகைப்படத்தையும் கையொப்பத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்' என்று கேட்டோம். முறையீட்டை 30 நாட்களுக்குள் முடிக்க வேண்டும். தவறினால், அதற்குப் பிந்தைய ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு என்ற விதி 2024 ஏப்ரல் இறுதியில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதிலும் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாக முறையிடலாம். எங்களுக்கு நான்காவது வாரத்தில் திருத்தம் வந்துவிட்டது. ஆனால் கல்லூரி அதுவரை காத்திருக்கவில்லை. முதல் தவணையை நகை அடகு வைத்துத்தான் கட்டினார்கள். கடன் கிடைத்தது செப்டம்பரில். இதே அறிக்கையைப் பிப்ரவரியில் எடுத்திருந்தால் அந்த வட்டி மிச்சம். இந்த ஆண்டு முதல், கல்விக் கடன் தேவைப்படும் என்று தெரிந்த வீடுகளில் செய்முறைத் தேர்வு முடிந்த கையோடு இணைக் கடனாளியாகப் போகிறவரின் அறிக்கையை எடுத்துவிடச் சொல்கிறேன்.

இனி, மாணவர் தன் பெயரில் நல்ல பதிவை உருவாக்குவது எப்படி என்று பார்ப்போம். இதில் சுற்றி வளைக்க ஒன்றும் இல்லை. சேமிப்புக் கணக்கில் எவ்வளவு பணம் இருந்தாலும் அறிக்கையில் வராது. உதவித்தொகை வராது, ரீசார்ஜ் வராது. கடன் வாங்கித் தேதி தவறாமல் கட்டுவது மட்டுமே பதிவாகும். வைப்புத்தொகையைப் பிணையாக வைத்துக் கடன் அட்டை வாங்கி ஸ்கோர் ஏற்றலாம் என்று காணொளிகளில் சொல்கிறார்கள். பதினெட்டு வயதான பிறகு அப்படிச் செய்ய வழி இருப்பது உண்மைதான். நம் பிள்ளைகளுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. கல்விக் கடன் வாங்கியவருக்கு அந்தக் கடனே போதுமான அடித்தளம். அது பிள்ளையின் அறிக்கையிலும் வரும், பெற்றோரின் அறிக்கையிலும் வரும்.

கல்விக் கடனைப் படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் கழித்துக் கட்டத் தொடங்கலாம். அதுவரை வட்டி இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். தனிவட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். நான்காண்டுப் படிப்புக்கு ஆண்டுத் தொடக்கத்தில் 75,000 ரூபாய் வீதம் மொத்தம் 3 லட்சம் வாங்குகிறார், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் தொகைக்கு ஐந்தாண்டு வட்டி, இரண்டாவதற்கு நான்கு, பிறகு மூன்று, இரண்டு. ஆக 14 முறை 7,500. கட்டத் தொடங்கும் நாளில் 1,05,000 ரூபாய் வட்டி சேர்ந்திருக்கும். குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, தகுதியுள்ள கல்வி நிறுவனத்தில் தொழிற்படிப்பு படிப்பவர்களுக்கு இந்த வட்டியை ஒன்றிய அரசு மானியமாகத் தரும் திட்டம் இருக்கிறது. வருமானச் சான்றிதழோடு வங்கியில் கேட்டு வாங்க வேண்டும். எட்டாம் வகுப்பு வாழ்வியல் கணிதத்தில் வட்டி நடத்தும் ஆசிரியர்கள் இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுப் பாருங்கள், வகுப்பு கண் கொட்டாமல் கவனிக்கும்.

கெடுவது எப்படி என்பதுதான் நீளமான பாடம். பதினெட்டு முடிந்த மறுமாதமே, "உன் ஆதாரைக் கொடுடா, தவணையில் ஒரு போன் எடுத்துக்கிறேன், நானே கட்டிடறேன்" என்று ஒரு நண்பன் வருவான். மூன்று தவணைக்குப் பிறகு அவன் கட்ட மாட்டான். போன் அவன் கையில், பாக்கி இவன் பெயரில். செயலியில் ஐந்நூறு, ஆயிரம் என்று வாங்குவதும் கடன்தான். செயலி வழியாகக் கொடுக்கும் கடன் எவ்வளவு சிறியதானாலும் கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022-இலேயே விதித்துவிட்டது. பிறகு தொல்லை தாங்காமல் பாதித் தொகையைக் கட்டிப் பேசி முடிப்பார்கள். அறிக்கையில் அது 'முடிக்கப்பட்டது' என்று வராது, 'சமரசம் செய்யப்பட்டது' என்று வரும். அடுத்த வங்கிக்கு அந்த ஒரு சொல் போதும். கடன் கேட்காதவனுக்கு இதனால் என்ன என்று கேட்கும் மாணவர்களுக்கு நான் சொல்வது: வங்கி வேலைக்குத் தேர்வான ஒருவரின் நியமனத்தை, கடன் பதிவு மோசமாக இருந்ததைக் காரணம் காட்டிப் பொதுத்துறை வங்கி ஒன்று ரத்து செய்தது. 2025-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதைச் சரி என்றது. வங்கித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் நம் ஊரில் எத்தனை பேர்!

நமக்கும் இது பொருந்தும். சக ஆசிரியருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்கள் இந்த அரங்கில் கைதூக்கினால் எண்ணி முடியாது. வங்கிக் கடனுக்கு ஜாமீன் போட்டிருந்தால் அது உங்கள் அறிக்கையிலும் இருக்கும். இன்று மாலை எடுத்துப் பாருங்கள். நம் அறிக்கையை நாமே எடுத்துப் பார்ப்பதால் மதிப்பெண் குறையாது.

பள்ளியில் நான் செய்துவருவதைச் சொல்லிவிடுகிறேன். பதினொன்றாம் வகுப்பில் ஒரு பாடவேளை. ஒவ்வொருவரும் ஆதார், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், வங்கிப் புத்தகம், சாதிச் சான்றிதழ் நான்கின் நகலையும் கொண்டுவர வேண்டும். ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டு, தமிழ்ப் பெயர், ஆங்கிலப் பெயர், முன்னெழுத்து, பிறந்த தேதி, தந்தை பெயர், கைபேசி எண் ஆகியவற்றை எழுத்து மாறாமல் படியெடுக்க வேண்டும். வேறுபடும் இடத்தில் சிவப்பு மையால் வட்டம். அடுத்தவருடைய தாளைப் பார்க்கக் கூடாது, நகலை யாரிடமும் கொடுக்கக் கூடாது, பாடவேளை முடிந்ததும் நகல் பைக்குள் போக வேண்டும் என்பது விதி. சென்ற முறை வட்டம் விழாத தாள்கள் கைவிரல் எண்ணிக்கைதான். எதைத் திருத்துவது எளிது என்று உட்கார்ந்து பேசுவோம். பெரும்பாலும் மதிப்பெண் சான்றிதழை அப்படியே வைத்துக்கொண்டு மற்றவற்றை அதற்கு இணங்க மாற்றுவதே எளிது. அதற்கு இரண்டு ஆண்டுகள் கையில் இருக்கின்றன.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு இன்னும் எளிது, ஏனென்றால் அங்கே திருத்த வேண்டியதே இல்லை. சேர்க்கையின்போது பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பெயர்க் கட்டம் காலியாக இருக்கும் சான்றிதழ்கள் இன்னும் வருகின்றன. பெயர் சேர்க்க உள்ளாட்சி அலுவலகத்துக்கு அனுப்புங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பாட்டியிடமோ மாமாவிடமோ கேட்டு எழுதாமல் சான்றிதழைப் பார்த்து எமிஸில் ஏற்றுங்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் ஓட்டுநர் உரிமம் வரை பிறப்புச் சான்றிதழே பிறந்த தேதிக்கான ஆவணம் என்று சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. அந்தக் குழந்தைகள் 2029 ஜூனில் உங்கள் ஒன்றாம் வகுப்புக்கு வருவார்கள்.

நான்கு கட்டத் தாளின் மாதிரியை எல்லோருக்கும் நகலெடுத்து வந்திருக்கிறேன். கதவருகே உள்ள மேசையில் இருக்கிறது. மதிய உணவுக்குப் போகும்போது எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் உங்கள் சொந்தச் சான்றுகளை வைத்து நிரப்பிப் பாருங்கள். சிவப்புப் பேனா தேவைப்படும்.